மலை விலங்குகளும் பள்ளத்தாக்கின் மிருகக்காட்சி சாலையும்

மலேசியாவின் தேசிய மிருகக்காட்சி சாலையான ஸூ நெகாரா, கோலாலம்பூரின் வடகிழக்கு எல்லையை ஒட்டிய உலு கிள்ளானில் 110 ஏக்கர் பரப்பில் அமைந்துள்ளது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தாழ்நிலம் அங்கே முடிந்து மலைநிலம் தொடங்குகிறது. மிருகக்காட்சி சாலைக்குப் பின்புறம் புக்கிட் தாபூர் எனப்படும் படிகக்கல் முகடு சுவர்போல எழுந்து நிற்கிறது. அதற்கப்பால் தித்திவங்சா மலைத்தொடரின் காடுகள் விரிகின்றன. நாட்டின் முதன்மை விலங்குச் சாலை மலையடிவாரத்தில் இருப்பதால் ஒரு கேள்வி இயல்பாகவே எழுகிறது: ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் நிறைந்த தாழ்நிலத்தில் இருந்துகொண்டு, மலை விலங்குகளைக் காக்கும் பணியில் ஒரு மிருகக்காட்சி சாலையால் எவ்வளவு செய்ய முடியும்?

மலைநிலமும் அதன் உயிர்களும்

கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறு பாகை செல்சியஸ் குறைகிறது. கோலாலம்பூரின் சராசரி வெப்பநிலை 27 அல்லது 28 பாகை. அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் அடையக்கூடிய கெந்திங் மலையில் இரவுகள் குளிர்ந்து, மேகம் மரங்களின்மேல் படிந்து கிடக்கும். இந்த வேறுபாடு காட்டையும் அடுக்கடுக்காகப் பிரிக்கிறது. சுமார் 750 மீட்டர் வரை குன்றுக்காடு. அதற்கு மேல் 1,200 மீட்டரை நெருங்கும்போது உயர்ந்த மரங்கள் குறைகின்றன. 1,500 மீட்டருக்கு மேலே பாசி மூடிய, குட்டையான, முறுக்கிய மரங்களே மிஞ்சுகின்றன.

ஒவ்வோர் அடுக்குக்கும் அதற்கே உரிய விலங்குகள் உண்டு. தித்திவங்சாவின் உயர்ந்த காடுகளில் வாழும் மலை மயில்கோழி, தீபகற்ப மலேசியாவின் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. கிப்பன் குரங்குகளில் மிகப் பெரியதான சியாமாங், தொண்டைப் பையை ஊதிக் கூவும் ஓசை பிரேசர் மலையில் விடியற்காலையில் தொலைவுவரை கேட்கும். சுண்ணாம்புக் குன்றுகளின் செங்குத்தான சரிவுகளில் செரோ என்ற மலை ஆடு வாழ்கிறது. புலி, தப்பிர், சூரியக் கரடி, காட்டெருதான செலாடாங் ஆகியவை பிறப்பால் மலைக்கு மட்டும் உரியவை அல்ல. தாழ்நிலக் காடுகள் ரப்பர்த் தோட்டமாகவும் செம்பனைத் தோட்டமாகவும் நகரமாகவும் மாறியபின் அவற்றுக்குப் பெரும் புகலிடமாக மிஞ்சியது மலைக்காடு. எனவே தீபகற்ப மலேசியாவில் ‘மலை விலங்கு’ என்பதில் இரு வகை உண்டு: மலைக்கென்றே பிறந்தவை, மலைக்கு ஒதுங்கியவை.

இந்த மலைக்காடு விலங்குகளுக்கு மட்டும் உரிய சொத்தும் அல்ல. கிள்ளான் ஆறு அதில்தான் பிறந்து, கிள்ளான் கேட்ஸ் அணையில் தேங்கி, தலைநகருக்குள் நுழைந்து, அதன் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் ஓரமாக ஓடி, கிள்ளான் நகரத்தைத் தாண்டிக் கடலில் சேர்கிறது. மேலே காடு அழிந்தால் கீழே வெள்ளமும் குடிநீர்த் தட்டுப்பாடும் மாறி மாறி வரும் என்பது பள்ளத்தாக்கு மக்கள் அறிந்த பாடம்.

ஸூ நெகாராவின் தோற்றமும் அமைப்பும்

1957இல் மலாயா வேளாண் தோட்டக்கலைச் சங்கம் கோலாலம்பூரில் நடத்திய கண்காட்சியில் சிறிய விலங்குக் காட்சி ஒன்று இடம்பெற்றது. மக்கள் காட்டிய ஆர்வம் நிரந்தரமான ஒரு சாலை வேண்டும் என்ற எண்ணத்துக்கு வித்திட்டது. அரசு நிலம் ஒதுக்கியது. 1963 நவம்பர் 14 அன்று பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ஸூ நெகாராவைத் திறந்துவைத்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1961இல், பேராக்கின் தைப்பிங்கில் ஒரு மிருகக்காட்சி சாலை உருவாகியிருந்தது. அதுவும் மலையடிவாரத்தில், புக்கிட் லாருட்டின் நிழலில் அமைந்தது.

பெயரில் ‘தேசிய’ என்று இருந்தாலும் ஸூ நெகாரா அரசுத் துறை அன்று. மலேசிய விலங்கியல் சங்கம் என்ற, இலாப நோக்கமற்ற அமைப்பு அதை நடத்துகிறது. நுழைவுக் கட்டணம், நன்கொடை, நிறுவனங்களும் தனிநபர்களும் ஒரு விலங்கின் பராமரிப்புச் செலவை ஏற்கும் தத்தெடுப்புத் திட்டம் ஆகியவையே முக்கிய வருவாய். 450க்கும் மேற்பட்ட இனங்களைச் சேர்ந்த சுமார் 5,000 விலங்குகளுக்கு நாள் தவறாமல் தீனி போட வேண்டிய சாலைக்கு இது நிலையான அடித்தளமாகாது. 2020 மார்ச்சில் கோவிட் பெருந்தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அறிவிக்கப்பட்டு வாயில்கள் மூடப்பட்டபோது இந்தப் பலவீனம் வெளிப்பட்டது. டிக்கெட் வருவாய் நின்றது; தீனிச் செலவு நிற்கவில்லை. பொதுமக்களின் நன்கொடைதான் அந்த மாதங்களில் பெருமளவு கைகொடுத்தது. பாதுகாப்புப் பணி எனும் நீண்டகாலக் கடமையை வார இறுதிப் பார்வையாளர் கூட்டத்தை நம்பி நடத்த முடியுமா என்ற விவாதம் அன்றிலிருந்து ஓயவில்லை.

மலைக்கென்றே அமைந்த சாலைகள்

மலை விலங்குகளுக்கென்று தனித்து இயங்கும் சாலைகள் உலகில் சில உள்ளன. அவற்றுள் இரண்டு இங்கே ஒப்பிடத் தக்கவை.

ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரிலுள்ள ஆல்ப்ஸ் விலங்குச் சாலை 1962இல் திறக்கப்பட்டது. சுமார் 750 மீட்டர் உயரத்தில் மலைச்சரிவிலேயே அமைந்த அது, ஆல்ப்ஸ் மலைத்தொடரின் விலங்குகளை மட்டுமே வைத்துக்கொள்வது என்ற கொள்கையை வகுத்துக்கொண்டது. சிங்கமும் யானையும் அங்கே இல்லை. அந்தக் கட்டுப்பாடு பலன் தந்தது. ஆல்ப்ஸில் தாடிக் கழுகு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேட்டையால் அற்றுப்போயிருந்தது. 1970களில் இன்ஸ்புருக்கில் அதன் குஞ்சுகள் வெற்றிகரமாக வளர்க்கப்பட்டன. பல நாட்டுச் சாலைகள் கைகோத்து இனப்பெருக்க வலையமைப்பு ஒன்றை உருவாக்கின. 1986இல் முதல் இளம்பறவைகள் மலையில் விடப்பட்டன. 1997இல் காட்டிலேயே ஒரு குஞ்சு பொரிந்து பறந்தது. தொடக்கத்திலிருந்து அந்தக் குஞ்சு வரை கால் நூற்றாண்டு ஆயிற்று.

டார்ஜிலிங்கிலுள்ள பத்மஜா நாயுடு இமயமலை விலங்கியல் பூங்கா 1958இல் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் அமைந்த அது, பனிச்சிறுத்தை, சிவப்புப் பாண்டா, திபெத்திய ஓநாய் ஆகியவற்றின் இனப்பெருக்கத்துக்குப் பேர்போனது. அங்கே பிறந்த சுவீட்டி, மினி என்ற இரண்டு பெண் சிவப்புப் பாண்டாக்கள் 2003இல் சிங்கலிலா தேசியப் பூங்காவில் விடப்பட்டன.

இரண்டுக்கும் பொதுவான அம்சங்கள் மூன்று. விலங்குகளின் தட்பவெப்பத்திலேயே சாலை இருக்கிறது. இனங்களின் எண்ணிக்கையைத் தானே குறைத்துக்கொண்டு, தேர்ந்தவற்றில் கவனம் செலுத்துகிறது. விலங்கைத் திருப்பி அனுப்புவதற்கான காடு பக்கத்திலேயே இருக்கிறது. ஸூ நெகாராவுக்கு முதல் அம்சம் இல்லை. இரண்டாவது, இதுவரை பின்பற்றப்படவில்லை. மூன்றாவது, அதன் பின்புறத்திலேயே இருக்கிறது.

பாண்டா தந்த அனுபவம்

தாழ்நிலத்தில் மலை விலங்கை வளர்க்க முடியுமா என்பதற்கு மலேசியாவில் நடந்த மிகப் பெரிய சோதனை பாண்டாத் திட்டம். சீனாவின் சிச்சுவான், ஷான்சி, கான்சு மாநிலங்களின் குளிர்ந்த மூங்கில் காடுகளே பாண்டாவின் இருப்பிடம். மலேசிய–சீன அரசதந்திர உறவின் 40ஆம் ஆண்டையொட்டி, பத்தாண்டு இரவல் ஒப்பந்தத்தின்கீழ் ஃபூ வா, ஃபெங் யி என்ற இணை 2014 மே மாதம் கோலாலம்பூர் வந்து சேர்ந்தது. மலேசியாவில் அவற்றுக்குச் சிங் சிங், லியாங் லியாங் எனப் பெயர் சூட்டப்பட்டது. ஆண்டுக்கு 10 இலட்சம் அமெரிக்க டாலர் கட்டணம். அவற்றுக்கென ஸூ நெகாராவில் 2.5 கோடி ரிங்கிட் செலவில் குளிரூட்டிய தனி மையம் கட்டப்பட்டது.

பாண்டாவின் இனப்பெருக்கம் எளிதன்று. பெண் பாண்டா கருத்தரிக்கக்கூடிய காலம் ஆண்டுக்கு ஒருமுறை, அதிகம் போனால் மூன்று நாள். பிறக்கும் குட்டியின் எடை ஏறத்தாழ 100 கிராம். தாயின் எடையில் சுமார் தொள்ளாயிரத்தில் ஒரு பங்கு. மயிரின்றி, கண் திறவாமல், தாயின் உள்ளங்கைக்குள் அடங்கிக் கிடக்கும் அந்த உயிரை முதல் வாரங்களில் இரவும் பகலும் கண்காணிக்க வேண்டும். இத்தனை சிக்கலுக்கும் நடுவே லியாங் லியாங் மூன்று குட்டிகளை ஈன்றது: 2015 ஆகஸ்டில் நுவான் நுவான், 2018 ஜனவரியில் யி யி, 2021 மே மாதம் ஷெங் யி. ஒப்பந்தப்படி குட்டிகள் சீனாவுக்கே உரியவை. நுவான் நுவான் 2017இலும் மற்ற இரண்டும் 2023இலும் அனுப்பிவைக்கப்பட்டன. 2025 மே மாதம் தாயும் தந்தையும் திரும்பின.

இந்தப் பதினோர் ஆண்டுகளிலிருந்து தெரியவருவன இரண்டு. குளிரூட்டி, மூங்கில், தேர்ந்த மருத்துவர், விடாத கண்காணிப்பு ஆகியவை இருந்தால் வெப்பநிலத்திலும் மலை விலங்கு இனம் பெருக்கும். ஸூ நெகாராவின் பணியாளர்களுக்கு அந்தத் திறன் உண்டு. அதே வேளையில், இங்கே பிறந்த எந்தப் பாண்டாவும் மலேசியக் காட்டுக்கு உரியதன்று. உலகப் பாண்டாக்களின் நிலை ‘அழியும் நிலை’ என்பதிலிருந்து ‘பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவை’ என்று 2016இல் திருத்தப்பட்டதற்குப் பெரும் காரணம், சீனா தன் மலைக்காடுகளைக் காப்பிடமாக்கி மூங்கில் நிலத்தை மீட்டதுதான். கூண்டில் பிறந்த குட்டிகள் அதற்குத் துணை நின்றன; காடே முதலில் நின்றது.

சொந்த மலையின் விலங்குகள்

பாண்டாவுக்குக் கிடைத்த பணமும் கவனமும் தித்திவங்சாவின் விலங்குகளுக்குக் கிடைத்ததில்லை. அவற்றின் நிலையோ பாண்டாவைவிட மோசம்.

மலாயாப் புலி தனித் துணையினம் என 2004இல் அடையாளம் காணப்பட்டது. 1950களில் 3,000 வரை இருந்திருக்கலாம் என மதிப்பிடப்பட்ட அது, 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி 150க்கும் குறைந்துவிட்டது. 2020க்குள் 1,000 புலிகள் என்று 2008ஆம் ஆண்டின் தேசியச் செயல்திட்டம் வைத்த இலக்கு எட்டாமலே போனது. கம்பிக் கண்ணிகள் புலியையும் அதன் இரையையும் ஒருசேரக் கொல்கின்றன. நெடுஞ்சாலைகள் காட்டைத் துண்டாடுகின்றன. அண்மை ஆண்டுகளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் காட்டுப் பன்றிகளைக் கொன்று, புலியின் முக்கிய இரையையும் குறைத்தது.

செரோவை அறிந்தவர்கள் புலியை அறிந்தவர்களைவிடக் குறைவு. மலாய் மொழியில் கம்பிங் குருன் எனப்படும் இது ஆட்டுக்கும் மானுக்கும் இடைப்பட்ட தோற்றம் கொண்டது. கருத்த உடல், கழுத்திலிருந்து முதுகுவரை நீண்ட பிடரி மயிர், பின்னோக்கி வளைந்த குட்டைக் கொம்புகள். கூட்டமாகத் திரியாமல் தனித்து வாழும். குகை வாயிலையும் பாறை நிழலையும் ஒதுங்கிடமாக்கிக்கொண்டு, ஒரே இடத்திலேயே திரும்பத் திரும்பச் சாணமிடும். காட்டில் விலங்கைக் காண்பதற்கு முன் அந்தக் குவியலைத்தான் ஆய்வாளர்கள் காண்கிறார்கள். பேராக்கின் சுண்ணாம்புக் குன்றுகளிலும் உலு கிள்ளானின் படிகக்கல் முகட்டிலும் அது வாழ்வது பதிவாகியுள்ளது. பதினான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்த முகட்டில் உலகில் வேறெங்கும் இல்லாத தாவர இனங்கள் சிலவும் உள்ளன. குன்றுகளைக் கல்லுடைப்பு அரிக்கிறது. செரோவின் கொழுப்பிலிருந்து எடுக்கும் எண்ணெய் மூட்டுவலிக்கு நல்லது என்ற நம்பிக்கை வேட்டையைத் தூண்டுகிறது. சட்டம் அதை முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்காக அறிவித்திருந்தும், பொதுமக்களிடம் அதற்கு முகமில்லை. பாண்டாவை அடையாளம் காட்டும் கிள்ளான் பள்ளத்தாக்குச் சிறுவர்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலையின் ஆட்டை அறிவார்கள் என்பது கேட்கத்தக்க கேள்வி.

காட்டுக்குத் திரும்பியவையும் திரும்பாதவையும்

காட்டுக்கு விலங்கைத் திருப்பி அனுப்பிய அனுபவம் ஸூ நெகாராவுக்கு உண்டு. அது கிடைத்தது மலையில் அல்ல, கரையோரச் சதுப்பில். பால்வண்ண நாரை தீபகற்பத்தின் மேற்குக் கரைச் சதுப்புக் காடுகளில் அருகிவந்தபோது, 1987இல் ஸூ நெகாரா அதன் இனப்பெருக்கத்தைத் தொடங்கியது. 1998இல் சில பறவைகள் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பழக்கப்படுத்தி விடப்பட்டன. பின்னர் பேராக்கின் கோலகூலாவிலும் இம்முயற்சி தொடர்ந்தது. இதில் ஒரு சிக்கலும் தலைதூக்கியது. தமிழ்நாட்டின் ஏரிகளில் காணப்படும் மஞ்சள் மூக்கு நாரையும் ஸூ நெகாராவில் கூண்டின்றித் திரிந்தது. நெருங்கிய உறவான இரண்டும் இணைந்து கலப்புக் குஞ்சுகள் பிறந்தன. அரிய இனத்தின் தூய மரபைக் காக்க, உறவுப் பறவைகளைப் பிரித்து வைக்கவும் மரபணுச் சோதனை செய்யவும் வேண்டியிருந்தது. பல இனங்களைச் சேர்த்துக் காட்டும் சாலையும் ஓர் இனத்தைக் காக்கும் மையமும் ஒரே வேலியைப் பகிர்வதில் உள்ள இடர்ப்பாட்டுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தோல்வியின் பாடம் இன்னும் கடுமையானது. சுமத்திராக் காண்டாமிருகத்தைக் கூண்டில் பெருக்கும் நோக்கில் 1980களில் காட்டிலிருந்து விலங்குகள் பிடிக்கப்பட்டன. தீபகற்பத்தில் அவற்றுக்கான மையம் சிலாங்கூரின் சுங்கை டூசுனில் இயங்கியது. மிஞ்சியிருந்த ஐந்து விலங்குகளும் 2003இன் இறுதியில் சில வாரங்களுக்குள் நோயால் இறந்தன. மலேசியாவின் கடைசிச் சுமத்திராக் காண்டாமிருகமான இமான் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. தாமதமாகத் தொடங்கியதும், இனப்பெருக்க அறிவு போதாமலிருந்ததும், எல்லா விலங்குகளையும் ஒரே இடத்தில் வைத்ததும் இந்த முடிவுக்குக் காரணங்கள்.

புலிக்கு அதே கதி நேராமலிருக்க இன்னொரு வழி முயலப்படுகிறது. ஸூ நெகாராவில் பிறந்த வீரா, ஹெபாட், மெலூர் என்ற மூன்று புலிகள், காட்டு வாழ்வுக்குப் பழக்கப்படுத்தும் நோக்கில் பகாங்கின் லஞ்சாங்கிலுள்ள தேசியப் புலிப் பாதுகாப்பு மையத்துக்கு அனுப்பப்பட்டன. மனித வாடையை மறப்பதும், உயிருள்ள இரையைத் தானே பிடிப்பதும் இதில் முதற்படி. கூண்டில் பிறந்த புலியை மனிதருக்கு அஞ்சும் காட்டுப் புலியாக்குவது உலகெங்கும் அரிதாகவே கைகூடியுள்ளது. காட்டில் இரை இல்லாவிட்டாலோ கண்ணி இருந்தாலோ பயிற்சி முழுவதும் வீணாகும்.

காடும் சட்டமும்

2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை மாற்றியது. அதன்கீழ் 2012இல் மிருகக்காட்சி சாலைகளுக்கான விதிமுறைகள் வந்தன. கூண்டின் அளவு, மருத்துவ வசதி, விலங்குகளின் பதிவேடு ஆகியவை சட்டக் கடமையாயின. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, கடுங்குற்றங்களுக்கு அபராதம் 10 இலட்சம் ரிங்கிட் வரையும் சிறை 15 ஆண்டு வரையும் உயர்ந்தது. வனவிலங்கு, தேசியப் பூங்கா இலாகாவான பெர்ஹிலித்தான், காவல்துறையுடனும் பிற அமைப்புகளுடனும் சேர்ந்து 2019 முதல் காட்டு ரோந்தை வலுப்படுத்தியுள்ளது. எனினும் நிலமும் காடும் மாநில அரசுகளின் அதிகாரத்தில் உள்ளன. விலங்கைக் காக்கும் கடமை பெரும்பாலும் மத்திய அரசிடம், விலங்கு வாழும் நிலம் மாநிலத்திடம் என்ற இந்தப் பிரிவுதான் மலேசிய வனவிலங்குப் பாதுகாப்பின் தீராத முடிச்சு.

நிலத்தைக் காத்தால் மலை விலங்கைக் கூண்டின்றியே காக்கலாம் என்பதற்குத் தமிழ்நாட்டின் வரையாடு சான்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிகளில் மட்டுமே வாழும் மாநில விலங்கான அதற்கென, தமிழக அரசு 2022இல் தனித் திட்டம் ஒன்றை அறிவித்தது. புல்வெளி மீட்பு, அயல் தாவரங்களை அகற்றுதல், கேரளத்துடன் ஒரே நேரத்தில் கணக்கெடுத்தல் ஆகியவை அதன் அடிப்படை. முக்குருத்தியும் இரவிகுளமும் காப்பிடமாக நிலைத்ததால்தான் வரையாடு பிழைத்தது. வாழிடம் சிதறி, எண்ணிக்கை மிகக் குறைந்த இனங்களுக்கு மட்டுமே சாலையின் இனப்பெருக்கம் அவசியமாகிறது. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா சிங்கவால் குரங்குக்குச் செய்வது அத்தகைய பணி.

சாலையின் உரிய இடம்

மேற்கண்டவற்றிலிருந்து ஸூ நெகாராவுக்கு மலை விலங்குப் பாதுகாப்பில் உரிய பணிகள் நான்கெனத் தொகுக்கலாம்.

முதலாவது, தேர்வு. 450 இனங்களைச் சமமாகப் பேணுவதைவிட, புலி, செரோ, சியாமாங், தப்பிர், மலை மயில்கோழி போன்ற நாட்டு இனங்களுக்கு இடத்தையும் பணத்தையும் ஒதுக்குவது பயன் தரும். இன்ஸ்புருக் இதை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே செய்தது. இரண்டாவது, இடம். மலைக்கென்றே பிறந்த இனங்களின் இனப்பெருக்கத்தைத் தாழ்நிலத்தின் குளிரூட்டிய அறையில் நடத்துவதைக் காட்டிலும், மலையிலேயே காட்சிக்கு வைக்காத துணை மையம் ஒன்றில் நடத்துவது செலவும் குறைவு, விலங்குக்கும் நல்லது. காண்டாமிருகங்களுக்கு நேர்ந்ததை நினைத்தால், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் விலங்குகளைப் பிரித்து வைப்பதும் இன்றியமையாதது. மூன்றாவது, அறிவு. பாண்டாவிடம் கற்ற இனப்பெருக்க நுட்பமும் நாரையிடம் கற்ற மரபணுக் கவனமும் ஏட்டில் நின்றுவிடாமல் உள்நாட்டு இனங்களுக்குப் பயன்பட வேண்டும்.

நான்காவது, கல்வி. பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் பேருந்துகளில் வந்திறங்கும் பள்ளி மாணவர்களில் பலருக்கு உயிருள்ள புலியைப் பார்க்கக் கிடைக்கும் ஒரே இடம் இதுதான். தமிழ்ப்பள்ளி மாணவர்களும் அவர்களில் அடங்குவர். கூண்டுக்கு முன்னால் வைக்கும் விளக்கப் பலகை தமிழிலும் இருந்து, விலங்கின் பெயரோடு அதன் மலையின் பெயரையும் அதற்கு நேர்ந்துள்ள ஆபத்தையும் சொன்னால், ஒரு நாள் சுற்றுலா பாடமாகும்.

இவை நான்குக்கும் நிதி வேண்டும். இரவல் பாண்டாவுக்கு ஆண்டுதோறும் பத்து இலட்சம் டாலர் ஒதுக்க முடிந்த நாடு, சொந்த மலையின் புலிக்கும் ஆட்டுக்கும் நிலையான மானியம் ஒதுக்க முடியாது என்று சொல்ல இயலாது. புதிய பாண்டா இணை ஒன்றைப் பெறவும் மலேசியாவும் சீனாவும் இணங்கியுள்ளன. அதோடு சேர்த்து, டிக்கெட் வருவாயைச் சாராத பாதுகாப்பு நிதி ஒன்றை அரசு ஸூ நெகாராவுக்கு ஏற்படுத்துவதே முறை. அந்த நிதியின் பயனை, எத்தனை குட்டிகள் பிறந்தன என்பதைவிட, எத்தனை விலங்குகள் தித்திவங்சாவுக்குத் திரும்பி அங்கே நிலைத்தன என்பதை வைத்தே அளவிட வேண்டும்.